கணிப்பொறிகளுக்கு ஒரு மேஸ்திரி

"ஒரு கிணற்றை 10 பேர் 8 நாளில் வெட்டுகிறார்கள். 20 பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்?"

காலமும் வேலையும் என்ற பாடத்தில் இத்தகைய கணக்கைப் போடாத மாணவர் இருக்க முடியாது. 20 பேர் என்றால் 4 நாள். 80 பேர் என்றால் ஒரே நாள். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டு இன்னும் மேலே போவோம். மொத்த வேலை 640 மணி, அதாவது 38,400 நிமிடம். ஆகவே 38,400 பேரைக் கூட்டிவந்தால் கிணறு ஒரே நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்!

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அத்தனை பேர் கிணற்றுக்குள் எப்படி இறங்குவார்கள்? மண்வெட்டி யாருக்கு? அள்ளிய மண் எந்த வழியாக மேலே வரும்? யார் எதைச் செய்வது என்று சொல்லி முடிப்பதற்கே ஒரு நாள் ஆகிவிடும். வேலையைப் பகிர்ந்து கொடுப்பதும் ஒரு வேலை. கணக்குப் புத்தகம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டட வேலையில் அதைச் செய்பவரை மேஸ்திரி என்கிறோம்.

இன்று உலகின் பல நாடுகளில் உள்ள லட்சக்கணக்கான கணிப்பொறிகள் சேர்ந்து ஒரே ஆராய்ச்சிக்காக உழைக்கின்றன. அவற்றுக்கும் ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரியும் ஒரு புரோகிராம்தான். அது எப்படி வேலை பார்க்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிரிக்க முடிந்த வேலை, பிரிக்க முடியாத வேலை

எந்த வேலையைப் பங்கிடலாம் என்பது முதல் கேள்வி. ஒரு வேலையைத் தனியாக முடிக்க ஒரு கணிப்பொறிக்கு 100 மணி ஆகிறது என்போம். அதில் 95 மணி வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். மீதி 5 மணி வேலையை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும். இப்போது 1,000 கணிப்பொறிகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? பிரிக்கத்தக்க பகுதி 95 மணியிலிருந்து 6 நிமிடத்துக்கும் குறைவாகிவிடும். ஆனால் பிரிக்க முடியாத 5 மணி அப்படியே நிற்கும். ஆகவே வேகம் 20 மடங்கைத் தாண்டாது. ஒரு கோடி கணிப்பொறிகளைக் கொண்டுவந்தாலும் இதே கதிதான். 1967ஆம் ஆண்டில் ஜீன் ஆம்டால் என்ற கணிப்பொறி வல்லுநர் முன்வைத்த இக்கருத்து ஆம்டால் விதி எனப் பெயர் பெற்றுள்ளது.

அதிர்ஷ்டவசமாக, விஞ்ஞானத்தில் சில வேலைகள் கிட்டத்தட்ட முழுவதுமே பிரிக்கத்தக்கவை. ஒரு லட்சம் விடைத்தாள்களைத் திருத்துவதைப் போன்றவை இவை. ஒரு தாளைத் திருத்துபவருக்கு அடுத்த தாளைப் பற்றிய கவலை இல்லை. துகள் இயற்பியலில் ஒவ்வொரு மோதலையும் தனித்தனியே ஆராயலாம். எனவே அங்கே பல கணிப்பொறிகளால் நல்ல பலன் உண்டு. ஆனால் கட்டுக்கட்டான விடைத்தாள்களில் எந்தக் கட்டை யாரிடம் கொடுப்பது?

மேஸ்திரியின் முதல் கணக்கு

ஐந்து காகிதத் துண்டுகளை எடுத்து, அவற்றில் 3, 3, 2, 2, 2 என எழுதிக்கொள்ளுங்கள். இவை ஐந்து வேலைகள். எண்கள் அவற்றுக்கு ஆகும் மணி நேரம். உங்களிடம் ஒரே வேகமுள்ள இரு கணிப்பொறிகள் உள்ளன. ஒரு வேலையை இடையில் வெட்ட முடியாது. எல்லா வேலைகளும் சீக்கிரம் முடிய வேண்டும்.

"பெரிய வேலையை முதலில் கொடு, எந்தக் கணிப்பொறி முதலில் ஓய்கிறதோ அதற்கு அடுத்ததைக் கொடு" என்பது நல்ல விதியாகத் தோன்றுகிறதல்லவா? செய்து பார்ப்போம். ஆளுக்கு ஒரு 3. பிறகு ஆளுக்கு ஒரு 2. இரண்டும் 5 மணியில் ஓய்கின்றன. எஞ்சிய 2 யாராவது ஒருவருக்குப் போகிறது. மொத்தம் 7 மணி. இப்போது துண்டுகளை மாற்றி அடுக்குங்கள்: ஒருவருக்கு 3, 3, மற்றவருக்கு 2, 2, 2. ஆறே மணியில் எல்லாம் முடிந்துவிட்டது!

நல்ல விதியும் ஏமாற்றுகிறது. எவ்வளவு ஏமாற்றும் என்பதை அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரொனால்ட் கிரஹாம் என்ற கணித அறிஞர் 1966, 1969ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் நிரூபித்தார். பெரியதை முதலில் கொடுக்கும் விதியைப் பின்பற்றினால், எத்தனை கணிப்பொறிகள் இருந்தாலும், ஆகும் நேரம் மிகச் சிறந்த பங்கீட்டின் நேரத்தைப்போல மூன்றில் நான்கு மடங்கை மிஞ்சாது. இரு கணிப்பொறிகள் மட்டும் இருந்தால் ஆறில் ஏழு மடங்கை மிஞ்சாது. மேலே நாம் கண்ட 7க்கு 6 என்பது அந்த எல்லையேதான்.

அப்படியானால் எல்லா வழிகளையும் பார்த்து மிகச் சிறந்ததையே தேர்ந்தெடுத்தால் என்ன? 50 வேலைகளை இரு கணிப்பொறிகளுக்குப் பங்கிட 2ஐ 50 தடவை பெருக்கிய அளவு வழிகள் உண்டு. நொடிக்கு 10 லட்சம் வழிகளைச் சோதித்தாலும் 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் வேலையையே முடித்துவிடலாம். ஆகவே மேஸ்திரி மிகச் சிறந்த வழியைத் தேடி உட்காருவதில்லை. போதுமான அளவு நல்ல வழியை விரைவாகக் கண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

சும்மா இருக்கும் கணிப்பொறிகளைத் தேடிய கழுகு

மேலே கண்ட கணக்கில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும், எந்தக் கணிப்பொறி நம் கையில் இருக்கிறது என்பதெல்லாம் முன்பே தெரியும். நடைமுறை அவ்வளவு எளிதன்று. 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேஜைக்கு மேஜை கணிப்பொறிகள் வந்தன. உரியவர் வகுப்புக்கோ வீட்டுக்கோ போனால் அவை சும்மா கிடந்தன. அதே கட்டடத்தில் வேறு ஒருவர், தம் கணக்கை முடிக்கக் கணிப்பொறி நேரம் போதாமல் காத்துக்கொண்டிருந்தார்.

அரிசியானால் மிஞ்சியதை மூட்டையில் கட்டி வைக்கலாம். கணிப்பொறி நேரத்தை அப்படிச் சேமிக்க முடியாது. சும்மா கழிந்த ஒரு மணி கழிந்ததுதான். மிரான் லிவ்னி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1988இல் காண்டார் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். காண்டார் என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய பிணந்தின்னிக் கழுகு. வானில் வட்டமிட்டு இரை தேடும் அக்கழுகைப்போல, இந்தப் புரோகிராம் சும்மா இருக்கும் கணிப்பொறிகளைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தது. இன்று அது எச்.டி. காண்டார் என்ற பெயரில் வழங்குகிறது.

இதில் ஒரு நியாயப் பிரச்சினை எழுந்தது. கணிப்பொறிக்கு உரியவர் திடீரெனத் திரும்பி வந்தால்? அவருடைய விசைப்பலகையில் விரல் பட்டதுமே, விருந்தாளி வேலை ஒதுங்கிவிட வேண்டும் என்று காண்டார் விதித்தது. ஆனால் 9 மணி நேரம் ஓடிய வேலையை அழித்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அவ்வப்போது முழுமையாகப் பதிவு செய்து வைத்தார்கள். புத்தகத்தில் அடையாள அட்டை வைத்து மூடுவதைப் போன்றது இது. பிறகு வேறொரு கணிப்பொறியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எந்த வேலைக்கு எந்தக் கணிப்பொறி? காண்டாரில் இது வரன் பார்க்கும் முறையில் நடக்கிறது. "எனக்கு 16 கிகாபைட் நினைவகம் வேண்டும், இன்ன புரோகிராம் வேண்டும்" என்று வேலை ஒரு விவரக் குறிப்பைத் தருகிறது. "என்னிடம் இவ்வளவு நினைவகம் உண்டு, இரவு 8 மணிக்கு மேல்தான் பிறர் வேலையை ஏற்பேன்" என்று கணிப்பொறியும் ஒரு குறிப்பைத் தருகிறது. நடுவே உள்ள தரகர் புரோகிராம் இரு தரப்பு நிபந்தனைகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. கேட்பவருக்கு மட்டுமல்லாமல் கொடுப்பவருக்கும் நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு என்பதே இதன் சிறப்பு. அந்த உரிமை இல்லாவிட்டால் யாரும் தம் கணிப்பொறியைப் பொதுவில் விடமாட்டார்கள்.

நாடுகளைத் தாண்டிய கிரிட்

ஒரு பல்கலைக்கழகத்துக்குள் செய்ததை உலகம் முழுவதும் செய்யலாமா? 1998இல் வெளிவந்த ஒரு நூலில் அயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸ்ஸல்மன் ஆகிய இருவரும் இவ்வெண்ணத்தை விளக்கி, அதற்கு கிரிட் என்ற பெயரைப் பரப்பினார்கள். மின் நிலையங்களை இணைக்கும் மின் தொகுப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. மின்சாரம் எந்த அணையிலிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கணிப்பு ஆற்றலும் அப்படிக் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு.

இந்த உவமை நல்லதே; ஆனால் ஓரிடத்தில் இடறுகிறது. எந்த மின் நிலையத்திலிருந்து வந்தாலும் மின்சாரம் மின்சாரமே. கணிப்பொறிகள் அப்படியல்ல. ஒன்றில் நினைவகம் அதிகம்; மற்றொன்றில் வேகம் அதிகம்; மூன்றாவதில் வேண்டிய புரோகிராமே இருக்காது. அவற்றுக்கு உரியவர்களும் வேறு வேறு நிறுவனத்தார்.

இந்தக் கனவை மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது செர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சிக் கழகம். ஜெனீவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் நாடுகளின் எல்லையில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கம் ஒன்று உண்டு. அதிலுள்ள எல்.எச்.சி. என்னும் துகள் மோதுவியில் புரோட்டான் கற்றைகளை எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்கிறார்கள். கற்றைகளில் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாகச் செல்கின்றன. இயந்திரம் முழு அளவில் இயங்கும்போது ஒரு நொடியில் ஏறத்தாழ 4 கோடி தடவை கொத்துகள் ஒன்றையொன்று கடக்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. இவற்றில் பெரும்பாலானவற்றை மின்னணுக் கருவிகள் அங்கேயே கழித்துவிடுகின்றன. கழித்ததுபோக மிஞ்சும் தகவலே ஆண்டுக்குச் சுமார் 15 பீட்டாபைட், அதாவது 1.5 கோடி கிகாபைட் இருக்கும் எனத் தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். இதைக் குறுந்தகடுகளில் எழுதினால் 2 கோடிக்கு மேற்பட்ட தகடுகள் வேண்டும். ஒரு தகட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 25 கிலோமீட்டர் உயரம் வரும்!

இவ்வளவையும் ஜெனீவாவில் ஒரே இடத்தில் வைத்து ஆராய வேண்டுமானால் மின்சாரத்துக்கும் குளிர்விப்பதற்கும் பெருஞ்செலவாகும். மேலும், பங்கு பெறும் நாடுகள் தங்கள் பணத்தில் வாங்கும் கணிப்பொறிகளைத் தங்கள் நாட்டிலேயே வைத்து, தங்கள் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்க விரும்பின. எனவே 2001ஆம் ஆண்டில் செர்ன் பேரவை கிரிட் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் இதில் இணைந்துள்ளன. நாளொன்றுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் ஓடுகின்றன. செர்னிலேயே இருக்கும் கணிப்பு ஆற்றல் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

மையங்கள் நிலைகளாக அடுக்கப்பட்டுள்ளன. செர்ன் பூஜ்ய நிலை. மூலத் தகவல் முதலில் அங்கே பதிவாகிறது. அடுத்து, பத்துக்கு மேற்பட்ட பெரிய மையங்கள் முதல் நிலை. மூலத் தகவலின் இன்னொரு பிரதியை இவை பங்கிட்டுக் காக்கின்றன. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ளவை இரண்டாம் நிலை. நம் நாட்டில் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், கொல்கத்தாவிலுள்ள மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் இரண்டாம் நிலை மையங்கள். முன்னது சி.எம்.எஸ். என்ற சோதனைக்கும், பின்னது ஆலிஸ் என்ற சோதனைக்கும் உதவுகின்றன.

செங்கல்லா, கொத்தனாரா?

ஓரிடத்தில் செங்கற்கள் மலைபோல் குவிந்துள்ளன. வேறோர் ஊரில் கொத்தனார் ஒருவர் வேலையில்லாமல் இருக்கிறார். செங்கற்களை லாரி லாரியாக அவர் ஊருக்கு அனுப்புவீர்களா, அவரைப் பேருந்தில் ஏற்றி அழைத்து வருவீர்களா?

கிரிட்டில் தகவல்தான் செங்கல். அதை ஆராயும் புரோகிராம்தான் கொத்தனார். ஒரு டெராபைட் தகவலை, நொடிக்கு ஒரு கிகாபிட் செல்லும் இணைப்பில் அனுப்பிப் பார்ப்போம். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே ஒரு டெராபைட் 8,000 கிகாபிட். இணைப்பு முழுவதும் நமக்கே கிடைத்தாலும் 8,000 நொடி, அதாவது 2 மணி 13 நிமிடம் ஆகும். ஆராயும் புரோகிராமின் அளவு 10 மெகாபைட் என்றால், அதே இணைப்பில் அது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே கிரிட் மேஸ்திரியின் முக்கியமான விதிகளில் ஒன்று: கூடியவரை, தகவல் இருக்கும் இடத்துக்கு வேலையை அனுப்பு. இதற்காக எந்தத் தகவலின் பிரதி எந்த மையத்தில் இருக்கிறது என்று காட்டும் பெரிய பட்டியல் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. எல்லாருக்கும் அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பல மையங்களில் பிரதியெடுத்து வைக்கிறார்கள். எவரும் தொடாத பிரதியை நீக்கி இடத்தைக் காலி செய்கிறார்கள்.

இந்த விதியும் எப்போதும் சரிப்படாது. தகவல் உள்ள மையத்தில் நீண்ட வரிசை நின்றால்? அங்கே 10 மணி நேரம் காத்திருப்பதைவிட, 2 மணி நேரம் செலவிட்டுத் தகவலை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவது மேல். காத்திருக்கும் நேரம், பயண நேரம், கணிக்கும் நேரம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையை மேஸ்திரி ஒப்பிட வேண்டும்.

யாருடைய முறை?

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் கொடுப்பதே நியாயம். கிரிட்டில் அந்த நியாயம் போதாது. ஒருவர் ஒரே நாளில் 50,000 வேலைகளை வரிசையில் விட்டுவிட்டுப் போகலாம். அவருக்குப் பின்னால் ஒரே ஒரு சிறு வேலையோடு வந்த மாணவி பல நாள் காத்திருக்க நேரும்.

ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பங்கு நிர்ணயிக்கப்படுகிறது. தன் பங்குக்கு மேல் பயன்படுத்திய குழு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும். குறைவாகப் பயன்படுத்திய குழு முன்னுக்கு வரும். ஆனால் வேறு யாருக்கும் வேலை இல்லாதபோது ஒரு குழுவே எல்லாக் கணிப்பொறிகளையும் எடுத்துக்கொள்ளலாம். பங்கு முடிந்துவிட்டது என்று சொல்லி இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

நேற்று அதிகம் பயன்படுத்தியவரை என்றென்றும் தண்டிக்கலாமா? கூடாது. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் பற்றிப் படித்திருப்பீர்கள். காண்டார் அதே முறையைக் கையாளுகிறது. ஒருவர் பயன்படுத்திய அளவுக்கு ஏற்ப அவர் பெயரில் புள்ளி ஏறுகிறது. பிறகு அவர் எதையும் பயன்படுத்தாமல் இருந்தால், அப்புள்ளி வழக்கமான அமைப்பில் நாளுக்கு நாள் பாதியாகிறது. 80 புள்ளி மறுநாள் 40. அதற்கு மறுநாள் 20. அதற்கும் மறுநாள் 10. பழைய கணக்கு மெல்ல மறக்கப்படுகிறது.

வேலையை விழுங்கும் கருந்துளை

இப்போது மேஸ்திரியின் மிகப் பெரிய தொல்லைக்கு வருவோம். சுமார் 170 மையங்களின் நிலைமையும் அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் "இங்கே 200 கணிப்பொறிகள் காலி" என்ற செய்தி வந்து சேர்வதற்குள் அவை நிரம்பியிருக்கலாம். மேஸ்திரியிடம் இருப்பது எப்போதுமே சற்றுப் பழைய செய்திதான்.

இதைவிட விபரீதம் ஒன்று உண்டு. ஒரு கணிப்பொறியில் ஏதோ கோளாறு; அதில் தொடங்கும் எந்த வேலையும் ஒரே நிமிடத்தில் தோற்றுவிடுகிறது. வேலை முடிந்ததால் அது "நான் காலி" என்கிறது. மேஸ்திரி அடுத்த வேலையைக் கொடுக்கிறார்; அதுவும் தோற்கிறது. பக்கத்தில் உள்ள நல்ல கணிப்பொறி ஒரு வேலையை 6 மணி நேரம் உழைத்து முடிக்கும். அதற்குள் கோளாறான கணிப்பொறி 360 வேலைகளை விழுங்கிவிடும்! யார் சீக்கிரம் ஓய்கிறாரோ அவருக்கே அடுத்த வேலை என்ற நம் முதல் விதியே இங்கே கெடுதலாக முடிகிறது. அருகில் வருவதையெல்லாம் இழுத்துக்கொள்வதால் இத்தகைய கணிப்பொறியைக் கருந்துளை என்றே வல்லுநர்கள் அழைக்கிறார்கள்.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. மேஸ்திரி உண்மையான வேலையை முதலில் அனுப்புவதில்லை. வெறுங்கையோடு ஒரு சிறிய புரோகிராமை அனுப்புகிறார். இதற்குப் பைலட் வேலை என்று பெயர். அது கணிப்பொறியில் போய் இறங்கி, வட்டில் இடம் இருக்கிறதா, வேண்டிய புரோகிராம் கிடைக்கிறதா, இணைப்பு சரியாக உள்ளதா என்று சோதிக்கிறது. எல்லாம் சரியென்றால், "இங்கே இடம் தயார், வேலை கொடுங்கள்" என்று கேட்கிறது. அப்போதுதான் உண்மையான வேலை புறப்படுகிறது. சோதனையில் தோற்றால் பைலட் மட்டும் மடிகிறது; வேலை பிழைத்துக்கொள்கிறது. அட்லஸ் சோதனைக்காக 2005இல் தொடங்கப்பட்ட பாண்டா என்ற அமைப்பும், எல்.எச்.சி.பி. சோதனையாளர்களின் டிராக் என்ற அமைப்பும் இம்முறையில் இயங்குபவை.

இங்கே மேஸ்திரியின் குணமே மாறிவிட்டதைக் கவனியுங்கள். முன்பு அவர் ஊகித்து ஆணையிட்டார். இப்போது தயாராக இருப்பவர் கேட்கும்வரை காத்திருந்து கொடுக்கிறார். எல்லாருடைய நிலைமையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தத்தம் நிலைமை அவரவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தோல்வி வழக்கமான செய்தி

லட்சக்கணக்கான கணிப்பொறிகளில் ஏதாவது ஒன்று எந்த நேரமும் பழுதாகிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வேலை தோற்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று மட்டுமே என்று கொள்வோம். ஓர் ஆராய்ச்சியை 1,000 வேலைகளாகப் பிரித்தால், அவற்றில் ஒன்றுகூடத் தோற்காமலிருக்க வாய்ப்பு எவ்வளவு? 0.99ஐ 1,000 தடவை பெருக்கினால் கிடைப்பது சுமார் 23,000இல் ஒரு பங்கு. அதாவது கிட்டத்தட்ட நிச்சயமாக எங்கோ தோல்வி உண்டு.

தோற்ற வேலையை வேறொரு கணிப்பொறியில் இன்னொரு முறை ஓட்டுவோம். இரு முறையும் தோற்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. இப்போது ஆயிரமும் வெற்றி பெறும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது! மூன்றாவது வாய்ப்பும் கொடுத்தால் அது 99.9 சதவீதம். பழுதே ஆகாத கணிப்பொறியைத் தேடி அலைவதைவிட, பழுதை எதிர்பார்த்து மறுமுறை ஓட்டுவது எவ்வளவு மலிவு!

சில தோல்விகள் வெளியே தெரியாதவை. வேலை முடிந்தது என்று கணிப்பொறி சொல்லும், விடை தவறாயிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளில் அயலுலக அறிவுயிர்களின் குறிப்பு ஏதும் உண்டா என்று தேடிய செட்டி அட் ஹோம் என்ற திட்டம் 1999இல் தொடங்கியது. உலகெங்கும் பொதுமக்கள் தங்கள் வீட்டுக் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை அதற்கு அளித்தார்கள். முகம் தெரியாதவர் கணிப்பொறியின் விடையை எப்படி நம்புவது? ஒரே துண்டை வெவ்வேறு வீடுகளில் உள்ள இரு கணிப்பொறிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்திருந்தால்தான் ஏற்றார்கள். பாதி உழைப்பு சரிபார்ப்பதற்கே செலவானது. நம்பகத்தன்மைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. 2020 மார்ச் வரை இத்திட்டம் வீடுகளுக்கு வேலை அனுப்பி வந்தது.

2012 ஜூலை 4

அன்று செர்ன் அரங்கில் அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரு குழுவினரும், ஹிக்ஸ் போசானின் இயல்புகளோடு ஒத்துப்போகும் புதிய துகள் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார்கள். அது இருக்க வேண்டும் என்று 1964இலேயே கருதியவர்களில் பிரான்சுவா ஆங்லேருக்கும் பீட்டர் ஹிக்ஸுக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவிப்பு நாளில் செர்னின் தலைமை இயக்குநர் ரோல்ஃப் டீட்டர் ஹாயர், துகள் முடுக்கியையும் சோதனைக் கருவிகளையும் பாராட்டியதோடு கணிப்பொறி கிரிட்டையும் சேர்த்தே பாராட்டினார்.

அந்தத் துகளின் அடையாளம் மோதல்களின் மலைக்குள் ஒரு சில இடங்களில் மட்டுமே ஒளிந்திருந்தது. அதே ஆண்டில் சேகரித்த தகவலை அதே ஆண்டு ஜூலைக்குள் ஆராய்ந்து முடித்ததற்குப் பல நாட்டுக் கணிப்பொறிகள் தேவைப்பட்டன. அவை வெவ்வேறு காலத்தில் வாங்கியவை, வேகத்தில் வேறுபட்டவை, பல முறை பழுதானவை. ஆயினும் யாரிடம் எந்த வேலை, எந்தத் தகவல் எங்கே, யாருக்கு எவ்வளவு பங்கு, தோற்றால் அடுத்து என்ன என்ற கேள்விகளுக்கு நாளொன்றுக்குப் பல லட்சம் தடவை விடை சொல்லிக்கொண்டிருந்தது நம் மேஸ்திரிதான்.

பள்ளி விழாவுக்கோ அறிவியல் கண்காட்சிக்கோ நீங்கள் வேலையைப் பங்கிடும்போது இந்த மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலையை முதலில் எடுத்துக் கொடுங்கள். பொருள் இருக்கும் இடத்துக்கு ஆளை அனுப்புங்கள். கையொழிந்தவர் தாமே வந்து கேட்கும்படி செய்யுங்கள். ஒருவர் வராமற்போனால் அவருடைய வேலையை யார் செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரே வேகமுள்ள மூன்று கணிப்பொறிகள். 5, 5, 4, 4, 3, 3, 3 மணி ஆகும் ஏழு வேலைகள். பெரியதை முதலில் கொடுக்கும் விதிப்படி எத்தனை மணியாகும்? மிகச் சிறந்த பங்கீட்டில் எத்தனை மணி?

2. 500 கிகாபைட் தகவல் 'அ' மையத்தில் உள்ளது. அங்கே 10 மணி காத்திருந்தால், 3 மணியில் வேலை முடியும். 'ஆ' மையம் காலியாக உள்ளது; அங்கே வேலை ஒன்றரை மணியில் முடியும். இரண்டுக்கும் இடையே உள்ள இணைப்பில் நொடிக்கு 100 மெகாபிட் செல்லும். எங்கே அனுப்புவீர்கள்?

3. ஒரு வேலைக்கு 4 மணி ஆகும். ஒரு கருந்துளைக் கணிப்பொறியில் ஒவ்வொரு வேலையும் 30 நொடியில் தோற்கிறது. நல்ல கணிப்பொறி ஒரு வேலையை முடிப்பதற்குள் கருந்துளை எத்தனை வேலைகளைக் கெடுக்கும்?

விடைகள்

1. விதிப்படி 11 மணி. சிறந்த பங்கீடு 9 மணி: 5, 4, 5, 4, 3, 3, 3.

2. தகவல் போய்ச் சேர 40,000 நொடி, அதாவது 11 மணி 6 நிமிடம் 40 நொடி. 'ஆ' மையத்தில் மொத்தம் 12 மணி 36 நிமிடம் 40 நொடி. 'அ' மையத்தில் 13 மணி. 'ஆ' மையமே மேல். ஆனால் 'அ' மையத்து வரிசை அரை மணி குறைந்தாலும் விடை மாறிவிடும்!

3. 480 வேலைகள்.